ஓராள் கூடாரம்

சேசு மரி சூசை
திண்டுக்கல், 1897 ஜனவரி 25

என் பிரியமுள்ள அக்கா இன்னாசியம்மாளுக்கு, தம்பி சந்தியாகு கும்பிட்டு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகத்துக்கும் குழந்தை பாக்கியத்தின் சுகத்துக்கும் எழுது. அவள் இருமல் நின்றதா?

நான் ராயப்பன்பட்டியை விட்டுக் கிளம்பியபோது ஊரே கூடி நின்று சிரித்தது. சைக்கிள் தேனியைத் தாண்டாது என்று கொல்லன் ஒச்சாண்டிகூடச் சொன்னான். தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு எல்லாம் தாண்டியாயிற்று என்று அவனிடம் சொல். கோணிக் கிடந்த சக்கரத்தை அடித்து நிமிர்த்தியவன் அவன்தான். அவன் வேலையில் அவனுக்கே நம்பிக்கை இல்லை. பெரியாற்று அணை வேலை முடிந்து சீமைக்குப் போன துரை இந்தச் சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனபோது, ஸ்டோர் குமாஸ்தாவான எனக்கு இது எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் வழியில் யாரும் சைக்கிளை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் நீ தைத்த கூடாரத்தின் மேல்தான். சுருட்டினால் தலையணை அளவு, கைப்பிடிக்கு முன்னால் கட்டிவிட்டால் இருப்பதே தெரியவில்லை. ஒரு ஆட்டுக்குட்டிக் கனம்கூட இல்லை. சைக்கிளை நிறுத்தி முன்பக்கத்தை அதன் கைப்பிடியில் கட்டி, பின்பக்கம் நாலு மூங்கில் முளையை அடித்தால் வீடு தயார். சைக்கிளையே கம்பமாக்குகிற யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது? வத்தலக்குண்டில் விடியும்போது வெளியே புல்லெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. உள்ளே என் வேட்டி உலர்ந்திருந்தது.

அந்த ஊர்ச் சத்திரத்தில், "யாரு, என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். கிறிஸ்து வேதக்காரன் என்றேன். "அப்ப அங்கன மாட்டுக் கொட்டத்துப் பக்கம் படுத்துக்கங்க" என்றார்கள். நான் ரோட்டுக்கு அந்தப்புறம் போய்க் கூடாரத்தை அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சத்திரத்தில் இருந்த அத்தனை பேரும் வந்து சுற்றி நின்றார்கள். தன் கூரையைத் தானே கொண்டுவருகிறவனிடம் யாரும் சாதி கேட்பதில்லை அக்கா.

மச்சானைத் தேடுகிற விஷயம். அணை வேலை முடிந்ததும் மச்சான் தன்னோடு அழைத்துப்போன பாறை வெடிக்காரக் கூட்டம் முதலில் திண்டுக்கல்லுக்கு வந்து, பிறகு சேலம் பக்கத்து மலை ரோட்டு வேலைக்குப் போயிருக்கிறது. இங்கே ஒரு கங்காணி சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. ரயிலில் போனால் ரயிலடியில் மட்டும்தான் விசாரிக்க முடியும். மலைக்காட்டு வேலைக் கொட்டகைகளுக்குச் சைக்கிள்தான் போகும். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுதுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். மறக்கவில்லை.

கூடாரத்தின் ஓரமெல்லாம் சிவப்புத் தொங்கல் வைத்துத் தைத்திருக்கிறாயே, அது எதற்கு? பதிலை நாமக்கல் மாதா கோவில் சாமியார் பார்வைக்கு அனுப்பு. போகிற ஊர்களில் எல்லாம் சாமியார்களிடம் சொல்லி வைக்கிறேன்.

உன் தம்பி
சந்தியாகு


சேசு மரி சூசை
ராயப்பன்பட்டி, 1897 பிப்ரவரி 6

தம்பி சந்தியாகுக்கு அக்காள் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். பாக்கியத்தின் இருமல் போய்விட்டது, வாய்தான் நிற்கவில்லை. மாமா சைக்கிள் இப்போது எந்த ஊரில் இருக்கும் என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிறவரை அதே பேச்சு.

தொங்கல் எதற்கு என்று கேட்டாய். வருஷா வருஷம் மாதா சப்பரத்துக்குத் துணி தைக்கிறவள் நான். ஓரம் என்று ஒன்று வந்துவிட்டால் தொங்கல் வைக்காமல் என் கை நிற்காது. பாதி வைத்த பிறகுதான் இது சப்பரம் இல்லையே என்று தோன்றியது. பிரிக்கச் சோம்பல். அழகாகத்தானே இருக்கிறது, பேசாமல் போ. சைக்கிள் கம்ப யோசனையும் சப்பரத்தில் வந்ததுதான். தோளில் தூக்குகிற சாமான் ஒன்றுக்கும் இரண்டு வேலை பார்க்கவேண்டும், இல்லையென்றால் தூக்குகிறவன் திட்டுவான்.

பழனிசெட்டிபட்டியில் மல் துணி எடுத்தபோது, இந்தக் கொசுவலைத் துணியில் மழைக்குக் கூடாரமா என்று கடைக்காரர் சிரித்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் விளக்கெண்ணெயில் உருக்கித் துணியில் ஊற்றித் தேய்த்ததில் என் உள்ளங்கை ஒரு வாரம் வெந்து கிடந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் எழுது, கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இறங்காவிட்டாலும் எழுது, அவர் கடை வாசலில் நின்று படித்துக் காட்டுகிறேன்.

இப்போது இங்கத்திச் சங்கதி. உன் மச்சானுடைய அண்ணன் ஞானமுத்து நேற்று வந்திருந்தார். கடிதம் நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது, செத்துப்போனவனுக்குப் பூசை வைக்காமல் ஆத்துமாவை அலையவிடலாமா என்றார். சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்ததும் கறுப்புத் துணி விரித்து இறந்தோர் பூசை வைக்கப்போகிறாராம். அந்தத் துணியையும் நானே தைக்கவேண்டுமாம், ஊரில் வேறு தையற்காரி இல்லையே என்கிறார். "பொணம் பாத்தீகளா, ஆளு பாத்தீகளா?" என்று கேட்டேன். பூசை வைத்துவிட்டால் ஊருக்கு நான் தாலியறுத்தவள். பிறகு உன் மச்சான் உயிரோடு வந்து நின்றாலும் பேயைப் பார்த்த மாதிரிப் பார்ப்பார்கள்.

பாஸ்குவுக்குள் எனக்கு ஒரு வார்த்தை வேண்டும் தம்பி. வேளாவேளைக்குச் சாப்பிடு. சைக்கிளில் போய்க்கொண்டே பட்டாணி தின்னாதே.

அக்காள்
இன்னாசியம்மாள்


சேசு மரி சூசை
நாமக்கல், 1897 பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு சந்தியாகு தோத்திரம் சொல்லி எழுதுவது. உடம்பு திடமாயிருக்கிறது. மூக்கு மட்டும் வெயிலில் உரிந்துவிட்டது. அங்கே எல்லாரும் சௌக்கியம்தானே?

உன் தொங்கல் செய்த காரியத்தைக் கேள். நாமக்கல்லுக்கு இந்தப்புறம் ஒரு புளியந்தோப்பில் கூடாரம் அடித்துப் படுத்திருந்தேன். காலையில் கண் விழித்தால் கற்பூர வாசனை. தலையை வெளியே நீட்டினேன். பத்துப்பன்னிரண்டு பேர் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் வாழைப்பழம், எலுமிச்சம்பழம், ஒரு சொம்புப் பால். சிவப்புத் தொங்கலைப் பார்த்து எங்கோ போகிற சாமிச் சப்பரம் இறங்கியிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். என் தலையைக் கண்டதும் ஒரு கிழவர், "எந்தூருச் சாமிங்க?" என்றார். "ராயப்பன்பட்டிங்க, கம்பத்துப் பக்கம்" என்று நானும் சொல்லித் தொலைத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். கோபிக்கவில்லை. அவரே உள்ளே புகுந்து படுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை லேசா ஊடு கட்ட ஆருங்க கத்துக்குடுத்தாங்க?" என்று கேட்டார். எங்கள் அக்கா என்றேன். பாலை என்னையே குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். இதை நம் சாமியாரிடம் சொல்லாதே.

மழை இன்னும் வரவில்லை. காற்று ஒரு தடவை மோதியது. முளை ஒன்று பிடுங்கிக்கொண்டது, தையல் ஒன்றும் விடவில்லை. ஒரு ரோட்டு இன்ஸ்பெக்டர் துரை வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். அவருடைய கூடாரத்துக்கு இரண்டு மாடும் நாலு ஆளும் வேண்டும். என் கூடாரத்தை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார், மறு கைக்கு மாற்றிப் பார்த்தார், எந்தக் கம்பெனி என்று கேட்டார். இன்னாசியம்மாள் கம்பெனி என்றேன். எழுதிக்கொண்டார்.

மச்சான் விஷயமாக நான்கு கொட்டகைகள் பார்த்துவிட்டேன். ஒரு இடத்தில் மிக்கேல் மேஸ்திரி என்று மச்சான் பேரைச் சொன்னதும் ஒருவன் நிமிர்ந்தான். மேஸ்திரி தன் ஆட்களுக்குக் கூலி வாங்கிக் கொடுக்காமல் தான் சாப்பிடமாட்டார் என்றான். அவரைத்தான் தேடுகிறேன் என்றேன். அந்தக் கூட்டம் சேர்வராயன் மலையடிக்குப் போனதாம், அங்கே ஏதோ விபத்து நடந்து கூட்டம் கலைந்துபோனதாம். யாருக்கு என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். நீ மனசை விடாதே. நாளைக்கே சேலம் ரோட்டில் கிளம்புகிறேன்.

பிரியமுள்ள தம்பி
சந்தியாகு


சேசு மரி சூசை
ராயப்பன்பட்டி, 1897 மார்ச் 4

தம்பிக்கு அக்காள் முத்தமிட்டு எழுதுவது. சுகம். தவசு காலம் தொடங்கிவிட்டது, ஒரு வேளைச் சோறுதான். பாக்கியம் எனக்குப் பதிலாக மூன்று வேளை சாப்பிடுகிறாள்.

உன் சப்பரக் கதையைப் படித்துத் தவசிலும் சிரித்தேன். ஒச்சாண்டியின் பெண்சாதி ராமுத்தாயிடம் படித்துக் காட்டினேன். அவள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஊரெல்லாம் பரவி, இப்போது என்னைக் கண்டால் கூடாரக்காரி என்கிறார்கள். ஏலத் தோட்டத்துக்குப் போகிற போடிக் கணக்கர் ஒருவர் தனக்கு ஒன்று தைத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் போனார். துரை எழுதிக்கொண்டதாகச் சொன்னாயே, என் பேரை ஒழுங்காகச் சொன்னாயா?

அந்த விபத்துச் செய்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞானமுத்து காதில் விழுந்தால் பாஸ்குவரைக்கூடப் பொறுக்கமாட்டார். கறுப்புத் துணியை எடுத்து வந்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மடித்து மூலையில் வைத்திருக்கிறேன். கண்ணில் படாமல் அதன்மேல் முறத்தைக் கவிழ்த்திருக்கிறேன்.

சேலம் சாமியார் பார்வைக்கு இதை அனுப்புகிறேன். கண்டதும் எழுது. பெரிதாக எழுத நேரமில்லை என்றால் சின்னதாக எழுது.

இன்னாசியம்மாள்


சேசு மரி சூசை
சேலம், 1897 மார்ச் 22

அக்காவுக்கு நமஸ்காரம். நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமா?

இங்கே ஆலங்கட்டி மழை பெய்தது. மரக்கிளைகள் முறிந்தன. கொட்டகைகளில் ஓலை பறந்தது. உன் கூடாரம் அசையவில்லை, ஒரு சொட்டு இறங்கவில்லை. கடைக்காரரிடம் படித்துக் காட்டலாம். மழை விட்ட பிறகு மெழுகு பூசிய துணியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. இப்படி ஒரு வேலையை நான் எந்தத் துரை வீட்டிலும் பார்த்ததில்லை.

ஒன்று கேட்கவேண்டும். இந்தக் கூடாரம் ஓராளுக்குத் தைத்தது. இரண்டு பேர் படுக்கவேண்டுமானால் எப்படி அகலப்படுத்துவது? சும்மாதான் கேட்கிறேன். நான் சில நாளாக வெளியில்தான் படுக்கிறேன், காற்றாட நன்றாயிருக்கிறது. ஆனால் பனிக்கு ஜலதோஷம் பிடிக்கும் போலிருக்கிறது.

மச்சானைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தியாகு


சேசு மரி சூசை
ராயப்பன்பட்டி, 1897 மார்ச் 31

தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் ஜலதோஷத்துக்குச் சுக்குத் தட்டிப் போட்டுக் குடி.

கூடாரத்தை அகலப்படுத்துகிற விதம் சொல்கிறேன், கவனமாகச் செய். முதலில் தொங்கலை முழுக்கப் பிரி. துணியில் கத்தி வைக்காதே, நூலை மட்டும் உருவு. சுற்றியிருக்கிற தொங்கலை எல்லாம் சேர்த்தால் இரண்டு நீளத் துண்டு தேறும். அவற்றை இரண்டு பக்கமும் கீழ் ஓரத்தோடு சேர்த்துத் தை. உச்சியில் கை வைத்தாயோ, அங்கேதான் தண்ணீர் இறங்கும். இரட்டை மடிப்பாக மடித்துத் தை. தைத்த இடத்தில் மெழுகு தேய். மலையில் தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகு கிடைக்கும். சப்பரத்துக்கென்று வைத்த தொங்கல் கடைசியில் ஒரு ஆளுக்கு இடமாகிறது, ஆகட்டும்.

இனி இரண்டு வார்த்தை. நீ போன நாளிலிருந்து மச்சான் விஷயம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் பத்து வரி எழுதினாய். யார் நிமிர்ந்தான், யார் குனிந்தான் என்பதுவரை எழுதினாய். இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரே வரி. காற்றாட வெளியில் படுக்கிறாயாம். பனியில் படுக்கிறவனா நீ? சின்ன வயதில் என் போர்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்தியவன் நீ.

உள்ளே படுத்திருப்பது யார் என்று நான் கேட்கவில்லை. சொல்லமுடியாதபடி உன் வாயை யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று புரிகிறது. ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாகவேண்டும். அந்தக் கறுப்புத் துணியை நான் தைக்கவா, வேண்டாமா? இதற்கு மட்டும் பதில் எழுது. பாஸ்குவுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

இன்னாசியம்மாள்


சேசு மரி சூசை
சேலம், 1897 ஏப்ரல் 8

அக்காவுக்கு. சுகம்.

தைக்கவேண்டாம்.

இதற்கு மேல் எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறது. உனக்குக் கொடுத்த சத்தியத்துக்கும் இதற்கும் நடுவில் நான் கிடந்து தவிக்கிறேன். கூடாரம் இப்போது அகலமாகிவிட்டது.

சந்தியாகு


சேசு மரி சூசை
ராயப்பன்பட்டி, 1897 ஏப்ரல் 19

தம்பி சந்தியாகுக்கு அக்காளின் பாஸ்கு வாழ்த்து. நேற்றுப் பாடற்பூசை முடிந்து பலகாரம் செய்தோம். நீ இல்லாததால் மீதம் இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு ஞானமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் கையில் கொடுத்து, "உங்க தம்பிக்கு இது தேவைப்படலை, நீங்களே வச்சுக்கங்க" என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அழுதார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது. அவரும் தம்பியை நினைத்து உருகிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பூசையைத் தவிர வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. உயிரோடு இருந்துகொண்டு ஒரு வருஷம் எழுதாமல் இருக்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்.

இனிமேல் எழுதுவதைக் கூடாரத்துக்குள் இருக்கிறவருக்குப் படித்துக் காட்டு. சத்தியம் செய்தவன் நீதான், நான் இல்லை.

பாக்கியத்துக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று விழுந்த பல்லைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். கிழக்குக் கொல்லையில் சோளம் சுமாராக விளைந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு கீழே வயலெல்லாம் இரண்டு போகம். அந்தத் தண்ணீருக்குப் பாறை உடைத்தவர் ஒருத்தர் அதைக் கண்ணால் வந்து பார்க்காமல் எங்கோ கிடக்கிறார்.

கை போயிருந்தால் வரட்டும். கால் போயிருந்தால் வண்டி வைத்துக் கூட்டிவருகிறேன். முகம் வெந்திருந்தால் நானும் வெந்த கையோடுதான் அந்தத் துணிக்கு மெழுகு பூசினேன், சரிக்குச் சரி. வேறொருத்தியைச் சேர்த்திருந்தால் மட்டும் அவர் அங்கேயே இருக்கட்டும், கூடாரத்தை மட்டும் துவைத்து அனுப்பு.

இன்னாசியம்மாள்


சேசு மரி சூசை
கரூர், 1897 மே 9

என் அக்காவுக்கு சந்தியாகு ஆயிரம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. நான் சுகம். மச்சானும் சுகம். இதை எழுதச் சொல்லி அவரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொல்கிறேன், தைரியமாகப் படி. சேர்வராயன் மலையடியில் பாறைக்கு வைத்த வெடி ஒன்று தாமதமாக வெடித்தது. தன் ஆள் ஒருவனை இழுத்துவிடப் போன மச்சானுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அந்த ஆள் பிழைத்தான். நான் கண்டபோது மச்சான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தடவித் தடவி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் மணியை அடித்தேன், ஒதுங்கினார். மச்சான் என்றேன். என் குரல் தெரிந்துவிட்டது. "நீ என்னையப் பாக்கவே இல்ல சந்தியாகு. செத்துட்டான்னு போய்ச் சொல்லு" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். அப்போது அவருக்குக் குளிர்காய்ச்சல் கொதித்தது. எதையும் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கூடாரத்துக்குள் வந்து படுப்பேன் என்றார். செய்தேன்.

கறுப்புத் துணி விஷயத்தைப் படித்துக் காட்டியபோது, "தைக்கட்டும்" என்றார். நான் தபாலாபீசுக்குப் போய் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு வந்து சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கூடாரம் யார் தைத்தது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. தெரிந்தால் எழுந்து போய்விடுவார் என்று பயந்து, துரை கொடுத்தது என்றுதான் சொல்லியிருந்தேன். நீ சொன்னபடி தொங்கலைப் பிரித்துப் பக்கத்தில் சேர்த்துத் தைத்தேன். அவர் விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். "இங்கன வரைக்கும் அவ தையல். இதுக்கு மேல உன் தையல். உன்னுது கோழி கிளறுன மாதிரி இருக்குலே" என்றார். எவள் தையல் என்று கேட்டேன். அந்தத் தையலையே திரும்பத் தடவினார். நீ இடது கைக்காரி, உன் தையல் எல்லாரையும் போல வலது பக்கம் சாயாது, இடது பக்கம் சாயும். கன்னியர் மடத்தில் அதற்காக உன் கையில் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். உன் கையில் தைத்த சட்டையைப் போட்டவருக்கு அது தெரியாதா? முதல் நாள் காய்ச்சலிலேயே தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம்.

பாஸ்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கூடாரத்தைத் துவைத்து அனுப்பு என்ற இடத்தில் சிரித்தார் அக்கா. நான் போன நாளிலிருந்து அப்போதுதான் சிரித்தார். பிறகு, "இம்புட்டு நாளும் அவ கூரைக்குக் கீழதான படுத்துக் கெடக்கேன். இதுக்குள்ள படுத்துக்கிட்டு நான் செத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். மறுநாள் கிளம்பினோம்.

ரயிலில் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். அவ்வளவு சீக்கிரம் வர அவருக்கு மனசில்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன், அவர் ஆசனத்தின்மேல் கை வைத்துக்கொண்டு கூட நடக்கிறார். ரோட்டில் கல் மாறினால் சக்கரச் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறார். கூடாரம் அடிப்பது இப்போது அவர் வேலை. நான் முளை தேடி முடிப்பதற்குள் அவர் கயிற்றை இழுத்துக் கட்டிவிடுகிறார். வழியில் நிற்கிறவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். மேஸ்திரி மேஸ்திரிதான்.

தம்பி
சந்தியாகு


சேசு மரி சூசை
பழனிசெட்டிபட்டி, 1897 மே 26

அக்காவுக்கு சந்தியாகு எழுதுவது. இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். ஆனால் இங்கேயே நிற்கிறோம்.

ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து மூன்று நாளாகிறது. தேனியைத் தாண்டிய காற்று முகத்தில் பட்டதும் மச்சான் நின்றுவிட்டார். "தலப்பாகை கட்டி மேஸ்திரின்னு அனுப்பிவச்சாக. இப்ப ஒரு ஆளு கையப் பிடிச்சுக் கொண்டாந்து விடுறத ஊரு பாக்கணுமாக்கும்? நான் வரல. நீ போய் அவளயும் பிள்ளையயும் பாத்துட்டு வா, நான் இங்கனயே இருக்கேன்" என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார்.

நான் வந்து உன்னைக் கூட்டிப்போகலாம் என்றால் சைக்கிளை எடுக்கமுடியாது. எடுத்தால் கூடாரம் விழுந்துவிடும். அவரைத் தனியே விட்டு நடந்து வரவும் பயமாயிருக்கிறது. நான் திரும்புவதற்குள் எந்தப் பக்கமாவது நடந்துவிடுவாரோ என்று. நேற்று வடக்கே எது ரோடு என்று கேட்டார்.

உத்தமபாளையம் போகிற வண்டிக்கார சுருளியாண்டியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அக்கா. நீ சொல்.

சந்தியாகு


சேசு மரி சூசை
ராயப்பன்பட்டி, 1897 மே 27

தம்பி, இதைச் சத்தமாகப் படி. முதல் பாதி உனக்கு இல்லை.

பாக்கியத்தின் அப்பாவுக்கு, இன்னாசி அநேக நமஸ்காரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஊருக்குள் வர மனசில்லை என்றால் வரவேண்டாம். உங்களை யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கூரை நான் தைத்தது. அப்படியென்றால் மார்ச் மாதத்திலிருந்து நீங்கள் என் வீட்டில்தான் இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து சேராதது நீங்கள் இல்லை, நான்தான்.

இதைக் கொண்டுவருகிற சுருளியாண்டி குதிரை வண்டியில் முன்னால் வருவான். நான் பின்னால் மாட்டுவண்டியில் வருகிறேன், பொழுது சாயும்போது வந்துவிடுவேன். அரிசியும் கருவாடும் ஒரு பானையும் எடுத்துக்கொண்டேன். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு மனசு வருகிறவரை அந்த ஆற்றங்கரைதான் எனக்கு ஊர். பாக்கியம் ராமுத்தாய் வீட்டில் இருப்பாள். அப்பாவை ஊருக்குள் கூட்டிவருவது தன் வேலை, வேறு யாரும் கையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் சொல்லியனுப்புகிற நாளில் வருவாள்.

வடக்கு ரோடு எது என்று கேட்டீர்களாம். நான் வருவது தெற்கிலிருந்து. அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இனி உனக்கு, சந்தியாகு. என் கூடாரத்தை இத்தனை தூரம் கொண்டுபோய்க் கிழியாமல் கொண்டுவந்தாய், அவரையும் கொண்டுவந்தாய். உன்னைப் போல ஒரு தம்பி எந்த ஊரிலும் எவளுக்கும் இல்லை என்று நான் மாதா பீடத்தின் முன்னால் நின்று சொல்வேன். சைக்கிளை அசைக்காதே, அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். ஒரு போர்வை கொண்டுவருகிறேன், அது உனக்கு. கூடாரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. இன்றைக்கு நீ வெளியே படு.

இன்னாசியம்மாள்